மனிதர் சரிபார்த்தார்

ஓசூர், வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் கரியப்பன் அவர்களுக்கு நல்லுசாமி எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்காவும் நானும் சுகம். தளியில் நீங்களும் கோஸ் தோட்டமும் சுகமாயிருக்க வேண்டும். போனில் பேசினால் வரிசை குழம்பிவிடும் என்பதால், சாப்பாட்டு இடைவேளையில், கேமரா இல்லாத படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் போய்வரும், கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில், தொழிலாளிகளின் கைகளைக் கவனித்து, யார் சும்மா இருக்கிறார்கள் என்று தானே முடிவுசெய்யும் கேமரா வைத்திருக்கிறார்கள். அது தவறிவிடக் கூடாதென்று அதன் அறிக்கையில் 'மனிதர் சரிபார்த்தார்' என்றொரு கட்டம் உண்டு. அந்த மனிதர் நான். மூன்று மாதமாகக் கையெழுத்திடுகிறேன். ஒருநாளும் படத்தைப் பார்த்ததில்லை. கேமராவைச் சந்தேகிக்க நான் யார் என்று இருந்துவிட்டேன். திங்களன்று அருணா என்ற பெண்ணுக்கு மூன்றாவது எச்சரிக்கை வந்தது. மூன்றானால் வேலை போய்விடும். அவள் நேரே என்னிடம் வந்து, "நான் சும்மா இருந்தத நீங்க பாத்தீங்களா சார்?" என்றாள். பயத்தில், பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். "நீங்க பாத்திருந்தா சரியாத்தான் சார் இருக்கும்" என்று போய்விட்டாள்.

அன்று மாலைதான் படத்தைப் போட்டுப் பார்த்தேன். அந்த வரிசையில் தன் வேலையை முடித்தவள் பக்கத்து மேசைக்காரிக்குக் கை கொடுப்பது வழக்கம். அருணா முத்துமணிக்குக் கொடுத்திருக்கிறாள். சொந்த மேசையில் கை இல்லாததால் கேமரா அவளைச் சும்மா இருந்தவளாக எழுதி, அந்தக் கைகளை முத்துமணியுடையதாகச் சேர்த்துவிட்டது. நாலு கையோடு முத்துமணி இம்மாதச் சிறந்த தொழிலாளி ஆகிவிட்டாள். போர்டில் மாட்டிய தன் போட்டோவைத் தலைகுனிந்து தாண்டிப் போகிறாள். இப்போது யாரும் யாருக்கும் கை கொடுப்பதில்லை, வேலை தேங்குகிறது, அதற்காகக் குழு உணர்வு வகுப்பு நடக்கிறது. நான் படம் பார்த்த நாற்பது நிமிடமும் அசையவில்லையாம். மறுநாள் சும்மா இருந்தவர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அதிலும் நானே கையெழுத்திட்டேன்.

அருணா விஷயத்தில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக நான்கு முறை திருத்தி ஒரு கடிதம் எழுதினேன். மேலாளர் பிரவீனாவிடம் ஜாடையாகக் கேட்டதற்கு, "அப்ப மூணு மாசக் கையெழுத்தும் பொய்யின்னு ஆயிரும் சார். உங்களையும் வெச்சிருக்க முடியாது" என்றார், குரலில் கோபமில்லை. அடுத்த வெள்ளி அருணாவுக்குக் கடைசி நாள். கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது. கொடுக்கலாமா, கூடாதா? தெளிவாக ஒரு வார்த்தை எழுதுங்கள், அப்படியே நடப்பேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

தங்கள்
நல்லுசாமி

பி.கு.: தயவுசெய்து பதில் எழுத வேண்டாம். தபாலில் போட இதை எடுத்துப் போகும் வழியில், அந்தக் கடிதத்தைப் பிரவீனாவின் மேசையில் வைத்துவிட்டேன். கொடுக்காதீர்கள் என்று நீங்கள் எழுதினால், நான் போய் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.