பீட்ரூட் டாக்டரின் சட்டைக்குள்ளே

பெயரைக் கேட்பதற்கு முன்பே "மூத்திரம் என்ன கலர்?" என்று கேட்கிற ஒருவரை மரியாதை தெரிந்தவர் என்று சொல்லலாமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் எங்கள் மலைப்பக்கத்தில் ஆண்களை அவரளவுக்கு வெட்கப்பட வைத்தவரும் கிடையாது, பிழைக்க வைத்தவரும் கிடையாது. பீட்ரூட் டாக்டர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்வது அவருடைய வேலை. சிங்களவர். தமிழை நோயாளிகளிடமே கற்றுக்கொண்டதால் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளின் பேச்சு அப்படியே வரும். எங்கள் ஆண்களோ, சிறுநீர் சிவப்பாகப் போனால் நேற்றுச் சாப்பிட்ட பீட்ரூட் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் அந்தக் காய்தான் அவருக்கு எதிரி. நுவரெலியா சந்தையில் யாராவது பீட்ரூட் வாங்கினால் மறித்துக்கொள்வார்.

"இத தின்னா ஒருநாள் ரெண்டுநாள் செவக்கும். அப்புறமும் செவந்தா நேரா என்கிட்ட வரணும்."

"டாக்டர், என் யாவாரத்தக் கெடுக்காதீங்க" என்று கெஞ்சினார் கடைக்கார முஸ்லிம் நானா. அடுத்த கிளினிக் நாளில் வரிசையின் முன்னால் நின்றவர் அந்த நானாதான்.

என் அப்பாவும் பீட்ரூட்டைத்தான் சாட்டினார். அதுவும் லயத்துக்குப் பின்னால் அவரே போட்டது. நச்சரித்துத்தான் அழைத்துப்போனேன். சோதனைகள் முடிந்த அன்று டாக்டர் சிரிக்கவில்லை. புற்றுநோய் தசைக்குள் இறங்கிவிட்டது, சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டும், அதன்பின் வயிற்றில் ஒட்டிய பையில்தான் சிறுநீர் சேரும், தாமதித்தால் தன்னாலும் முடியாது என்றார்.

அப்பா மறுத்துவிட்டார். "பையக் கட்டிக்கிட்டு எப்படிங்க கோயிலுக்குப் போறது? பக்கத்துல நிக்கிறவங்களுக்கு வாடை அடிக்கும். அதுக்கு இப்படியே போயிடுறேன்."

வற்புறுத்துவதா, அவர் விருப்பத்துக்கு விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தைக்குச் சோறூட்டும்போதெல்லாம் அழுதேன். கடைசியில் அடுத்த கிளினிக் நாளன்று அவரை இழுத்துப்போனேன்.

"வாங்க அப்பா, டீ குடிப்போம்" என்றார் டாக்டர். மூவரும் கன்டீனுக்குப் படியேறினோம். அப்பாவை ஒட்டி உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டார். கோவாவுக்கு, அதுதான் முட்டைக்கோசுக்கு, என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று விசாரித்தார். ஆபரேஷன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

அறைக்குத் திரும்பியதும் டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைத் தூக்கினார். வயிற்றில் ஒரு பை ஒட்டியிருந்தது. பாதிவரை செம்பழுப்பு நீர்.

அப்பா பதறினார். "ஐயோ, உங்களுக்குமாங்க?"

"எனக்கு ஒன்னுமில்ல. உள்ள பிளேன்டீ. காலையில இருந்து இதோடதான் சுத்துறேன். பக்கத்துலதானே இருந்தீங்க, தெரிஞ்சுச்சா?"

தேநீருக்கு ஏது வாடை என்று எனக்குத் தோன்றியது. அப்பா குனிந்து உற்றுப் பார்த்தார்.

"சீனி போட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப எறும்பு வராது" என்றார். பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னைக்கு வரணும்?"

பையைச் சரியாக மூடினால் உண்மையிலேயே வாடை வருவதில்லை. ஆபரேஷன் முடிந்து அப்பா இப்போது திருவிழாவில் எல்லோரையும் இடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

தை மாதம் என் மகளுக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும்; எனக்கோ உடன்பிறந்தவர்கள் இல்லை. "அந்த டாக்டரக் கூப்பிடும்மா" என்கிறார் அப்பா. சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்களா, அவருக்கு நேரமிருக்குமா, இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்வது தப்பா என்று யோசித்தபடியே இருக்கிறேன். மனதுக்குள் அவரை எப்போதோ அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டேன். நேரில் எப்படிக் கேட்பது என்று யாராவது சொல்லுங்களேன்.