கனகம் மாமியின் குசினிக்குள்ளால் ஓர் ஒழுங்கை

யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் அவருடைய சம்பளத்தைக் கேட்கலாம். மகளுக்கு ஏன் இன்னும் கல்யாணம் சரிவரவில்லை என்று கேட்கலாம். ஒப்பரேசன் தழும்பைக் காட்டச் சொல்லிக்கூடக் கேட்கலாம், கோபிக்கமாட்டார்கள். ஆனால் "உங்கடை வேலி முந்தி எவடத்திலை இருந்தது?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. புவியியலில் முதல் வகுப்பில் சித்தியடைந்த எனக்கு இதை ஒரு விரிவுரையாளரும் சொல்லித் தரவில்லை. (சொல்லித் தந்த அன்று நான் வகுப்புக்குப் போகாமலும் இருந்திருக்கலாம்.)

அப்போது நான் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். பழைய வரைபடங்களை வைத்து நீர்வேலிப் பக்கம் எப்படி எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. தலைப்பைச் சொன்னதும் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "உதுக்கு வேலை கிடைக்குமோ?" என்பது. எனக்கு அந்தக் கவலை இல்லை. வெள்ளைக்காரன் காலத்து நில அளவைப் படம் ஒன்றின் பிரதி கைக்கு வந்த அன்றே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

இன்றைக்கு வாழைத் தோட்டமாய் இருக்கிற இடமெல்லாம் அந்தப் படத்தில் பனங்கூடல். சந்தியில் வாகன ரயர் கடை இருக்கும் இடத்தில் வழிப்போக்கர் தங்க ஒரு மடம். நாங்கள் ஓடி விளையாடிய மைதானம் ஒரு குளம். (மழை பெய்தால் விளையாட்டுப் போட்டியில் எல்லோரும் ஏன் நீந்தினோம் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.) பிறந்து வளர்ந்த ஊருக்குள்ளேயே எனக்குத் தெரியாத இன்னோர் ஊர் இருந்திருக்கிறது. குளம் எப்போது தூர்ந்தது, பனையை யார் தறித்தார்கள், ஒழுங்கைகள் ஏன் நிமிர்ந்தன என்று கேள்விமேல் கேள்வியாக வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். "பிள்ளை கச்சேரியிலை இருந்தோ வாறீர்?" என்று, என்னை அரசாங்க அலுவலகத்து ஆளாக நினைத்துக் கேட்டுவிட்டுப் படலையைச் சாத்தியவர்களே அதிகம். தெருவை அகலிக்க வந்தவள் என்று நினைத்து, முன்வேலியை ஒருவர் அவசர அவசரமாக மதிலாக்கியும் விட்டார்.

இந்த ஆய்வில் முக்கியமான வேலை, பழைய படத்தைக் கணினியில் வானத்திலிருந்து எடுத்த இன்றைய செய்மதிப் படத்தின் மேல் விரிப்பது. கொடியில் போட்ட வேட்டி பறக்காமல் கிளிப் குத்துவதைப் போலத்தான். இரண்டு படத்திலும் இடம் மாறாத சில புள்ளிகளைக் கண்டுபிடித்து, அங்கே குத்த வேண்டும். எங்கள் வீட்டுப் பக்கத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது தெருவோர வைரவர் கோயிலை. வீடு மாறும், வேலி மாறும், வைரவர் மாறுவாரா? குத்திவிட்டுப் பார்த்தால், பழைய படத்தின் பெரிய கிணறு (இன்றைக்கும் ஊர் தண்ணீர் அள்ளுகிற கிணறு) யாரோ ஒருவரின் கூரைமேல் போய் விழுந்தது. அளக்க வந்தவர் அன்றைக்குக் கள்ளடித்திருப்பார் என்று முடிவுகட்டிவிட்டு மேலே போனேன்.

அப்போதுதான் அந்த ஒழுங்கையைக் கண்டேன். தெருவில் தொடங்கி, வளவுகளுக்கு நடுவால் பின்பக்கத் தோட்டங்களுக்கு நேராகப் போகும் ஒழுங்கை. இன்றைக்கு அப்படி ஒன்று கிடையாது. என் படத்தின்படி அது எங்களுக்கு மேற்குப் பக்கத்து வீட்டுக்காரியான கனகம் மாமியின் வளவுக்குள்ளால் போனது. இன்னும் சரியாகச் சொன்னால், மாமி அந்த வருடம்தான் கட்டி அடுப்பு மூட்டிய புதுக் குசினிக்குள்ளால் போனது.

இது சும்மா பழங்கதையாக இருந்திருந்தால் நானும் ஓர் அடிக்குறிப்போடு விட்டிருப்பேன். ஆனால் எங்களுக்குப் பின்வளவில் தவம் அண்ணை இருந்தார். முன்பு வான் ஓட்டியவர். சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்குக் கிழமை பெரியாஸ்பத்திரிக்கு டயலிசிஸுக்குப் போகவேண்டிய நிலை. வீட்டு வாசலுக்கு ஓட்டோ வர வழியில்லை. பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, நாலுபேர் தூக்கி, எங்கள் பின்வேலியில் ஆள் நுழையும் இடைவெளியான பொட்டுக்குள்ளால் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருவார்கள். அவருடைய மனைவி ராணி அக்கா ஓர் ஓட்டோ போகும் அளவுக்கு வழி கேட்டுத் தட்டாத படலை இல்லை. "கனகம் விட்டால் நானும் விடுறன்" என்றார் அப்பா. "மனேச்சர் விட்டால் நானும் விடுறன்" என்றார் கனகம் மாமி. (அப்பா கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊருக்கு அவர் இன்னும் மனேச்சர்தான்.) ஒரு மாங்கொப்பு யாருடைய பக்கம் சாய்ந்தது என்ற விஷயத்தில் இரண்டு பேரும் பல வருடமாக நேரே பார்த்துக் கதைப்பதில்லை.

இந்த நிலைமையில், நான் இராச்சாப்பாட்டின்போது, புட்டைப் பிசைந்துகொண்டே, "கனகம் மாமியின்ரை குசினிக்குள்ளாலை முந்தி ஒரு ஒழுங்கை போயிருக்குது அப்பா" என்று சொன்னேன்.

அப்பாவின் கை நின்றது. "திருப்பிச் சொல்லு."

சொன்னேன். அவ்வளவுதான். "உதுக்கு வேலை கிடைக்குமோ" என்று கேட்ட வீட்டில் என் ஆய்வுக்குத் திடீரென்று ஒரு மதிப்பு வந்துவிட்டது. அப்பா தன் செலவிலேயே டவுனுக்குப் போய், படத்தைப் பாய் அகலத்துக்குக் கலரில் அடித்துக்கொண்டு வந்தார். ஒழுங்கையைச் சிவப்புக் கோடாகப் போடச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் மொத்தமாய்ப் போடு, கனகத்துக்குக் கண் சரியாத் தெரியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வைரவர் கோயில் முற்றத்தில் கூட்டம். கிராம அலுவலரான விதானையார் வந்தார். அயல் முழுக்க வந்தது. தவம் அண்ணையைக் கதிரையோடு தூக்கிவந்து முன்னுக்கு வைத்தார்கள். அவர் என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மடிக்கணினியைக் கோயில் படியில் வைத்துவிட்டு, "வரலாற்று வரைபடங்களும் நிலப் பயன்பாட்டு மாற்றமும்" என்று தொடங்கினேன். (அந்த உரையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. வேலிச் சண்டைக்கு வந்தவர்களுக்கு நான் அட்சரேகை விளக்கிக்கொண்டிருந்தேன்.) கடைசியில் சிவப்புக் கோட்டுக்கு வந்தேன்.

"என்ரை குசினிக்குள்ளாலையோ?" கனகம் மாமி நெஞ்சில் கையை வைத்தார். "அடுப்புச் சூடு ஆறேல்லை, அதுக்குள்ளை றோட்டுப் போடுறியளோ?"

அப்பா எழுந்தார். தொண்டையைச் செருமினார். "பொதுப் பாதை எண்டால் பொதுப் பாதைதான். ஆரின்ரை வளவுக்குள்ளாலை போகுதோ, அவை ஒரு வார்த்தை கதையாமல் விடவேணும். அதுதான் மனிசத்தன்மை. என்ரை வளவெண்டால் இண்டைக்கே விட்டிருப்பன்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கனகம் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்துக்குக் கிட்ட வந்தார். கண் சரியாகத் தெரியாது என்று அப்பா சொன்னது சுத்தப் பொய். "பிள்ளை வதனி, நீ உதை எங்கை பிடிச்சுத் தொடங்கினனி?"

"வைரவர் கோயிலிலை மாமி. இது இடம் மாறாத புள்ளி."

"எந்த வைரவர்?"

"உந்த வைரவர்தான், உங்களுக்குப் பின்னாலை இருக்கிறவர்."

"உவரோ?" மாமியின் முகம் மெல்ல மெல்ல வெளித்தது. "உவர் நீ பிறந்த வருசம்தானே உங்கை வந்தவர்! தெரு அகலிக்கேக்கை அங்காலை மரத்தடியிலை இருந்து தூக்கிக்கொண்டந்து வைச்சதெல்லே! தூக்கினது ஆர் தெரியுமோ? கொப்பர்!"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா வைரவரைப் பார்த்தார்.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒரு மகள் என்ன செய்திருப்பாள்? கணினியில் சார்ஜ் இல்லை என்றிருப்பாள். தலைசுற்றுகிறது என்றிருப்பாள். ஆனால் எனக்குப் பெரிய கிணறு ஞாபகம் வந்துவிட்டது. கூரைமேல் ஏறி நின்ற அந்தக் கிணறு! "பழைய கோயில் எவடத்திலை மாமி?" என்று கேட்டேன். எங்கள் வளவின் அகலமளவு கிழக்கே, தெருவோரத்தில் ஓர் இடத்தை மாமி கைநீட்டிக் காட்டினார். அப்போதே, அந்தப் படியிலேயே குந்தி, கிளிப்பைக் கழற்றிப் புது இடத்தில் குத்தினேன். படம் முழுதும் ஒரு வளவு கிழக்கே நகர்ந்தது. கிணறு கூரையிலிருந்து இறங்கித் தன் இடத்தில் போய் இருந்தது. மடம் ரயர் கடையில் போய்ப் பொருந்தியது. குளம் மைதானத்துக்குள் சரியாக அடங்கியது. அளந்தவர் கள்ளடிக்கவே இல்லை. மனம் குளிர்ந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பொருந்திட்டுது! எல்லாம் பொருந்திட்டுது!" என்று கத்தினேன்.

"ஒழுங்கை எங்கை?" என்றார் விதானையார்.

சந்தோஷத்தில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. சோதனை முடிவு வாசிக்கிற குரலில், ஊருக்கே கேட்க, "எங்கடை கக்கூசுக்குள்ளாலை!" என்றேன்.

அது சாதாரணக் கக்கூசு அல்ல. குளியலறையும் சேர்த்து, வளவின் ஓரமாக, நீலப்பூப் போட்ட ரைல்ஸ் பதித்து அப்பா கட்டியது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணிக்கு முன் அதைத்தான் காட்டுவார். அன்றைக்குக் கோயில் முற்றத்தில் எழும்பிய சிரிப்பு இருக்கிறதே! ராணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "உது வெள்ளைக்காரன்ரை படம். உதை நம்பேலுமோ?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் என்னோடு கதையில்லை. அம்மா மட்டும் சாப்பாடு போடும்போதெல்லாம், "அண்டைக்கு ஆரோ மனிசத்தன்மை எண்டெல்லாம் கதைச்சவை" என்று சுவருக்குச் சொல்வார். கூத்தாடியது நான், வழி கிடைக்குமென்று காலையில் சட்டை மாற்றிக்கொண்டு வந்து இருந்தது தவம் அண்ணை. அவர் மீண்டும் கதிரையோடு தூக்கப்பட்டுத் திரும்பிப் போனதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

அடுத்த டயலிசிஸ் நாள் விடிய நல்ல மழை. வேலிப் பொட்டுக்குள்ளால் கதிரையை இறக்கும்போது முன்னுக்குப் பிடித்தவருக்குச் சறுக்கியது. பல்லுத் தீட்டிக்கொண்டு நின்ற அப்பா பாய்ந்து பிடித்தார். பிடித்த பிடியில் இரண்டு பேருமே சேற்றில் விழுந்தார்கள். அப்பாவின் மேல் கிடந்தபடி தவம் அண்ணை சொன்னாராம், "குறை நினையாதையுங்கோ அண்ணை, உங்கடை சேட்டெல்லாம் ஊத்தையாப் போச்சு."

இவை எல்லாம் பிறகு அம்மா சொல்லி நான் அறிந்தவை. அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்றால், நீலப்பூ ரைல்ஸுக்கு நடுவில், மிகவும் நிம்மதியாக, கைத்தொலைபேசியில் பழைய படத்தைப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். வெளியில் ஓட்டோ போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு "டங்" என்று ஓர் அடி. என் காதுக்குப் பக்கத்தில் ஒரு நீலப்பூ கழன்று காலடியில் விழுந்து உடைந்தது. அடுத்த அடிக்கு, சுவரைத் துளைத்துக்கொண்டு அலவாங்கின் இரும்பு நுனி உள்ளே எட்டிப் பார்த்தது.

"ஐயோ அப்பா! நான் உள்ளுக்கு!"

அலவாங்கு நின்றது. கூட்டத்துக்குப் பிறகு அப்பா என்னோடு கதைத்த முதல் வசனம் இது: "கெதியா எழும்பி வா. நீ இப்ப றோட்டிலை இருக்கிறாய்."

ஓட்டோ திரும்புமளவுக்கு அகலம் போதவில்லை என்று கண்டதும் கனகம் மாமி தன் பக்கத்து வேலிக் கதியாலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டார். எங்களுக்குப் புதுக் கக்கூசு கட்டி முடியும்வரை தன்னுடையதைப் பாவிக்கவும் விட்டார். அதற்கான விலையை என்னிடம் வாங்கினார். நான் வாளியோடு போகும்போதெல்லாம் குசினி யன்னலால் எட்டி, "வடிவாய்ப் படத்தைப் பாத்துத்தானே வாறாய் பிள்ளை? பிறகு மாறி ஆரின்ரையோ வீட்டுக்குள்ளை போய்க் குந்திவிடாதை" என்பார். ஆய்வேட்டின் அந்த அத்தியாயத்தை மேற்பார்வையாளர் நன்றாகப் பாராட்டினார். மறைந்த ஒழுங்கை எப்படித் திரும்ப வந்தது என்ற பகுதியை மட்டும் நான் மிகச் சுருக்கமாக எழுதியிருந்தேன்.

இனி அந்தப் பெயர். சந்திக்குச் சந்தி ஆலடி, மடத்தடி என்று பெயர் வைத்துப் பழகிய ஊர் எங்களது. புது ஒழுங்கைக்குத் தன் பெயரை வைப்பார்கள் என்று அப்பா உள்ளூர எதிர்பார்த்திருந்தார். ஊர் வைத்தது, 'கக்கூசடி ஒழுங்கை'. அப்பா அதை வாயால் சொல்லவே மாட்டார். எனக்குக் கல்யாணம் பேசி வந்தபோது மாப்பிள்ளை வீட்டாருக்கு "வைரவர் ஒழுங்கை" என்று விலாசம் சொல்லி அனுப்பினார். அவர்கள் வைரவர் வைரவராகக் கும்பிட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். கடைசியில், ஆஸ்பத்திரியால் திரும்பிக்கொண்டிருந்த தவம் அண்ணை ஓட்டோவை நிற்பாட்டி, "மனேச்சர் வீடோ? கக்கூசடி எண்டெல்லோ கேக்கவேணும், பின்னாலை வாங்கோ" என்று கூட்டிவந்து எங்கள் படலையில் விட்டார். அப்பா அவரையும் விடாமல் உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

நான் தேத்தண்ணித் தட்டோடு வரும் நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டார்: "குறை நினையாதையுங்கோ, உந்த ஒழுங்கைக்கு ஏன் அப்பிடி ஒரு பேர்?"

அப்பா தவம் அண்ணையைப் பார்த்தார். தவம் அண்ணை முகட்டைப் பார்த்தார்.

"அவடத்திலை முந்தி எங்கடை கக்கூசு இருந்தது," என்றார் அப்பா. "இப்ப தவம் வாற வழி இருக்குது. பேர் சரிதான்."

வந்தவர் என் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார். பிறகு, "அப்ப கல்யாணக் காட்டிலையும் அதையே அடிப்பம்" என்றார். சொன்னபடியே அழைப்பிதழில் அடித்தார்கள். என் கணவர் அந்த அழைப்பிதழைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிற ஒருவரும் பக்கத்தில் இருக்கும் கல்யாணப் படத்தைப் பார்ப்பதில்லை. விலாசத்தைத்தான் வாசிக்கிறார்கள், அதுவும் உரத்து.