சுடிதாரிடம் பேசிய அப்பா

தைத்து முடித்த துணியைக் கொடுக்க மாட்டேன் என்று சண்டை போடும் டெய்லர், ஆலங்குடி தாலுகாவிலேயே எங்கள் ஊர் வக்கீலம்மா ஒருவர்தான். அந்தம்மா கோர்ட் வாசலை மிதித்ததில்லை. குறுக்குக் கேள்வி கேட்டே வாங்கிய பட்டம் அது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஆறாவதுக்குப் பிள்ளைகள் கீரமங்கலத்துக்கு பஸ் ஏற வேண்டும். அந்தப் பள்ளிச் சீருடையைத் தைக்கக் கொடுத்தால் வக்கீலம்மாவிடம் ஒரே சட்டம்தான். குடி, கஞ்சா, போதைப் பாக்கு பற்றிப் பெற்றவர்கள் பிள்ளையிடம் பேசியிருக்க வேண்டும். இல்லையென்றால் துணி கடையிலேயே தொங்கும்.

மளிகைக்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். குடி குடியைக் கெடுக்கும் என்று மகனிடம் சொல்லிவிட்டாராம்.

“அது பாட்டில்லயே போட்டிருக்குங்க. நீங்க என்ன சொன்னீங்க?”

வந்த வழியே திரும்பிப் போனார்.

பேச வாய் வராதவர்களுக்கு ஒத்திகை உண்டு. சீருடையைக் கொடியில் மாட்டிவிட்டு, அந்தம்மா அதன் பின்னால் நின்று பிள்ளைக் குரலில் கேள்வி கேட்கும். மீசைக்காரர்களெல்லாம் அந்தக் குட்டிச் சட்டைகளுக்கு முன்னால் வியர்த்து வழிந்திருக்கிறார்கள்.

போன வருஷம் என் மருமகன் மாட்டினார். பூ வியாபாரி. மார்க்கெட்டில் அவர் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது. பொழுது சாய்ந்தால் குடிப்பார். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். மறுநாள் பள்ளிக்கூடம் திறப்பு. என் பேத்தியின் சுடிதார் கொடியில் தொங்கியது. துணைக்கு நானும் போயிருந்தேன்.

“யாராச்சும் எதையாச்சும் குடுத்தா வாங்கக் கூடாதுத்தா” என்று ஆரம்பித்தார்.

சுடிதார் கேட்டது: “அப்ப நீங்க மட்டும் ஏம்ப்பா குடிக்கிறீங்க?”

மருமகனுக்கு முகம் கறுத்துவிட்டது. துணியைப் பிடித்து இழுத்தார். அந்தம்மா அங்கிட்டு இழுத்தது. புதுத் தையல் என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலை.

“பஸ்ஸுல எவனாச்சும் நீட்டுறப்ப அவ ஒங்களத்தான் நெனப்பா. என்ன நெனக்கணும்னு நீங்கதான சொல்லணும்?”

இழுபறி நின்றது. மருமகன் சுடிதாரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அப்பாவால விட முடியலத்தா. அது என்னையப் புடிச்சு வச்சிருக்கு. ஒனக்கு அப்புடி ஆகக் கூடாது. எவன் எதக் குடுத்தாலும் எங்கிட்ட வந்து சொல்லு. அடிக்க மாட்டேன்.”

அந்தம்மா துணியை மடித்து அவர் கையில் கொடுத்தது. “இத வீட்டுலயும் சொல்லுங்க. அங்க பின்னாடி நான் நிக்க மாட்டேன்.”

சொன்னார். தடுமாறித்தான் சொன்னார். பேத்தி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்பா தோளில் சாய்ந்துகொண்டாள். குடி இன்னும் முழுதாக நிற்கவில்லை. ஆனால் பஸ்ஸில் நடப்பதெல்லாம் இப்போது அப்பனுக்குத்தான் முதலில் தெரிகிறது.

வக்கீலம்மாவிடம் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் அவ்வப்போது நன்றாயிருக்கிற ரவிக்கையை எடுத்துக்கொண்டு போய், தோள் பிடிக்கிறது என்று பொய் சொல்லி, அந்தக் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.