வெம்பக்கோட்டை குடோனுக்கு லண்டன் நேரம்

வெம்பக்கோட்டை,
7.10.2025

அன்பு மருமகன் மணிமுத்துவுக்கு மாமன் இசக்கிப்பாண்டி எழுதுவது. இருக்கன்குடித் தாய் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், பட்டாசுக் கம்பெனி மேனேஜராகிய என்னைத் தவிர. பெங்களூரில் உன் சுகத்துக்கு என்ன குறைச்சல்? செய்வதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஆள் நீ.

லோடு தேதி குறிக்க நீ எழுதித் தந்த மகத்தான கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டில் நாக்பூர் லோடுக்கு 6ஆம் தேதி, திங்கள் என்றுதான் போட்டேன். சிவகாசி ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டர் அதை ஜேசன் என்ற டேட்டா ஃபைலில் 1759689000000 என்று எழுதியது. நாக்பூர் வியாபாரிக்கும் அதுவே போக, "இத்தனை பெட்டியா?" என்று அவர் போனில் அலறினார். இங்கே குடோனில் இருக்கும் கம்ப்யூட்டரோ அதே எண்ணை 5ஆம் தேதி, ஞாயிறு, மாலை ஆறரை என்று காட்டியது. பில் போடும் பானுப்பிரியா அதை நம்பி லாரியை அந்த நேரத்துக்கே வரவழைத்துவிட்டாள். லோடுமேன் மேஸ்திரி செல்லச்சாமி குடோனைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு எனக்குப் போன் போட்டான்.

"பொழுது சாஞ்ச பெறகு வெடிப்பெட்டிய ஏத்தச் சொல்லுதீகளே அண்ணாச்சி, எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சேரவா?"

அவன் கேட்டது நியாயம். இருட்டினால் ஒரு பெட்டியைக்கூட நாங்கள் நகர்த்த மாட்டோம். ஆனால் சீசனில் வந்த லாரி காத்திருக்குமா? வேறு கம்பெனி லோடுக்குப் போய்விட்டது. திங்கள் காலையில் எட்டு லோடுமேன்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தீபாவளிக்குப் பதின்மூன்றே நாள். இன்றைக்குள் லோடு கிளம்பாவிட்டால் ஆர்டரே வேண்டாம் என்கிறார் நாக்பூர்க்காரர். நாற்பது பெண்கள் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த சரக்கு.

உன்னைக் கேட்டால், "அது 1970லருந்து ஓடுன மில்லி செகண்டு மாமா. ஸ்கிரிப்ட ஓட்டுற பவர்ஷெல் புரோகிராம் பழசா இருந்தா அப்படித்தான் எழுதும், புதுசு அத லண்டன் நேரமாக் காட்டும், திங்கக்கெழம பொறக்குறதுக்கு அஞ்சரை மணி முந்தி" என்று சிரிக்கிறாய். வெம்பக்கோட்டைக்கு எதற்கடா லண்டன் நேரம்? நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து செகண்டு எண்ணச் சொல்லி உன்னிடம் யார் அழுதது? நாடு முழுக்கக் காலண்டர் அச்சடித்து அனுப்புகிற சிவகாசிச் சீமையில், தேதி தெரியாமல் ஒரு லாரி திரும்பிப் போயிருக்கிறது. நீயெல்லாம் இன்ஜினியர்!

எப்படியோ நன்றாயிரு. உன் அத்தை யோகலட்சுமியின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

இப்படிக்கு,
மாமா இசக்கிப்பாண்டி

பின்குறிப்பு: கவர் ஒட்ட வந்த பானுப்பிரியா இதைப் படித்துவிட்டு, "ஆயுதபூசையன்னைக்கு மணிமுத்து அண்ணன் ரெண்டு கம்ப்யூட்டருக்கும் புது பவர்ஷெல் போடத்தான வந்தாக? ஆபீஸ்ல உள்ளதுக்குச் சந்தனம் வச்சாச்சு, இன்னைக்குத் தொடப்படாதுன்னு நீங்கதான வெரட்டுனீக?" என்கிறாள். உண்மைதான். வேறு லாரி ஒன்று இப்போதுதான் வந்து நிற்கிறது, பொழுதுக்குள் ஏற்றியாக வேண்டும், கடிதத்தைத் திருப்பி எழுத நேரமில்லை. மேலே உன்னைத் திட்டியிருக்கும் இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்.