குஸ்கோவுக்குப் புறப்பட்டுக்கொண்டே இருப்பவர்

ஊர் சுற்றுகிறவர்கள் ஒரு ரகம். வீட்டை விட்டு அசையாதவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகத்தாலும் யாருக்கும் பெரிய தொந்தரவு கிடையாது. மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது பாருங்கள், புறப்பட்டுக்கொண்டே இருக்கும் ரகம், அதனிடம்தான் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெட்டி கட்டியாகிவிட்டிருக்கும், மலைக்குளிருக்குக் கம்பளிக் குல்லாய் வாங்கியாகிவிட்டிருக்கும், அந்தக் குல்லாயைப் பூச்சி அரித்து வேறு குல்லாயும் வாங்கியாகிவிட்டிருக்கும். ஆள் மட்டும் வீட்டில் இருப்பார்.

லிமா நகரத்தில் பிரேன்யா பேட்டைவாசியான தொன் எலியோதோரோ இந்த ரகத்துக்கெல்லாம் தலைவர். அடுத்தவர்களுடைய கப்பல்கள் எப்போது புறப்பட வேண்டும் என்று துறைமுகத்தில் உட்கார்ந்து தீர்மானித்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தொமித்திலா மலைமேல் இருக்கும் குஸ்கோவில் பிறந்தவள்; தங்கை சதுர்னினா இன்னமும் அங்கேதான் இருக்கிறாள். அந்தத் தங்கைக்குக் காலம் கடந்து ஒரு பிள்ளை பிறந்த செய்தி வந்தபோது, இவர் பரவசப்பட்டு மனைவி கையிலிருந்த போனைப் பிடுங்கி, முதல் முடி நான்தான் எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அது லேசுப்பட்ட வாக்கு அல்ல. பிள்ளையின் தலையில் முதல் கத்தரி வைக்கிறவர் அவனுக்கு இரண்டாவது தகப்பன். பத்ரினோ என்பார்கள். அவர் வந்து முதல் கற்றையை வெட்டித் தட்டில் போடும்வரை அந்தத் தலையை வேறு யாரும் தொடக் கூடாது. மொட்டை போடத் தாய்மாமன் மடிக்குக் காத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

பிள்ளைக்குச் சாய்ரி என்று பேர் வைத்தார்கள். நடந்தான், பேசினான், பள்ளிக்கூடம் போனான். பத்ரினோ திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆண்டுத் தொடக்கத்தில் மலையில் மழை, மண் சரியும், ஆகவே கூடாது. மழை விட்டால் புனித வாரம், கோயில் வாசலில் கால் வைக்க இடமிருக்காது, கூடாது. ஜூனில் சூரியத் திருவிழா, அறைகளையெல்லாம் வெள்ளைக்காரர்கள் வளைத்துப் போட்டிருப்பார்கள், கூடாது. ஜூலையில் தேசிய விடுமுறை, லிமாவே கிளம்பி அங்கே போய் நிற்கும், கூடவே கூடாது. ஆகஸ்டில் பூமித்தாய் பசியோடு வாய் திறந்திருப்பாள், அப்போது எதையும் தொடங்கக் கூடாது என்று மனைவி ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். அதற்கப்புறம் எங்காவது யாராவது சாலை மறியல் செய்வார்கள். மறியல் முடிந்தால் மறுபடி மழை. போவதற்கு ஒரு மாதமாவது மிஞ்சியதா? மிஞ்சவில்லை.

இதெல்லாம் போதாதென்று சொரோச்சே வேறு. கடலோரத்து ஆள் மலையேறினால் தலை வலித்து, மூச்சு முட்டி, வயிறு புரட்டுமே, அதுதான். அதற்குப் பயிற்சியாகத் தினமும் மொட்டைமாடிக்கு ஏறி, தொமித்திலா துணி உலர்த்தும் கொடிக்கு நடுவில் நின்று, ஒரு மூக்கை அடைத்துக்கொண்டு மறு மூக்கால் மூச்சு விடுவார். பிறகு கொக்கா இலைத் தேநீர் குடிப்பார். குஸ்கோவின் சந்து பொந்தெல்லாம் அவருக்கு மனப்பாடம். அக்கம்பக்கத்தார் அவரிடம் வழி கேட்டுக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தால், அந்த ஊர்ப் பழஞ்சுவரில் இருக்கும் பன்னிரண்டு மூலைக் கல்லில் மூலைகளை எண்ணினீர்களா என்று பரீட்சை வைப்பார். எண்ணாதவர்கள் போய் வந்தது செல்லாது.

அங்கே முடி திட்டம் போடவில்லை, வளர்ந்தது. ஒரு படத்தில் காதை மூடியது, அடுத்த படத்தில் தோளைத் தொட்டது, பிறகு இடுப்புக்கு வந்தது. சதுர்னினா இரட்டைச் சடை பின்னிவிட்டாள். வெளியூர்க்காரர்கள் அவன் பக்கத்தில் ஒரு லாமா ஒட்டகத்தை நிறுத்தி, அழகான மலைச் சிறுமி என்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பாவம், பையன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் ஜூன் அணிவகுப்பில் பள்ளிக் கொடியைப் பிடிக்க அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். சடையோடு கொடி பிடிக்க முடியாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாள். அன்றே சதுர்னினா அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, அவர் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. இந்தத் தடவை வரலேன்னா முக்குக்கடை சலூன்காரரைக் கூப்பிட்டு வெட்டிடுவேன். அதோட உறவு விட்டுது."

தொமித்திலா அழுதேவிட்டாள். வாக்குக் கொடுத்துவிட்டு முதல் முடியைச் சலூன்காரருக்கு விட்ட குடும்பம் என்று பேர் வாங்கினால், பிறந்த ஊரில் எந்த முகத்தோடு போய் நிற்பாள்? தங்கை வீட்டு வாசலை மிதிக்க முடியுமா? மனைவி அழுவதைப் பார்த்து எலியோதோரோ எழுந்தார். கிளம்புகிறோம் என்றார். பெட்டியும் கீழே இறங்கியது.

ஆனால் விமானம் கூடாதாம். ஒரே மூச்சில் மேலே போனால் ரத்தத்துக்குச் சேதி போய்ச் சேராதாம். படிப்படியாக ஏற வேண்டுமாம். முதல் படி சோசிகா. லிமாக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வெயில் காயப் போகிற இடம். பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும். சோசிகா வழியாகக் குஸ்கோவுக்குப் போகலாம் என்று உலகத்தில் வேறு ஒருவருக்கும் தோன்றியதில்லை. மேலே போனால் பத்தியம் என்பதால், அங்கே குழியடுப்பில் வெந்த கறியையும் கிழங்கையும் வெளுத்துக்கட்டினார். சாப்பிட்டு முடித்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"தலை கனக்குது. கண்ணு சொருகுது. சொரோச்சே பிடிச்சிடுச்சு, தொமி."

"இது சோசிகா, எலியோ."

"அதான் சொல்றேன். இங்கேயே இப்படின்னா மேல எப்படி இருக்கும்? உடம்பு பழகுற வரைக்கும் இங்க தங்கிடலாம்."

"எவ்வளவு நாளு?"

"உடம்பு சொல்லும்."

தொமித்திலா எழுந்தாள். பெட்டியைத் திறந்தாள். பெரிய கத்தரி, சின்னக் கத்தரி, இரண்டும் தொலைந்தால் உதவ ஒரு கத்தரி, எல்லாம் துணி சுற்றி வைத்திருந்தார். பெரியதை எடுத்துக்கொண்டாள். கம்பளிக் குல்லாயையும் எடுத்துக்கொண்டாள். முதல் நாள் குளிக்காதே, மெதுவாக நட என்று அவர் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல, லிமா போகும் பஸ்ஸில் ஏறினாள்.

"நான் அங்கதான் பொறந்தேன், எலியோ" என்றாள்.

மறுநாள் விமானத்தில் குஸ்கோ போய்விட்டாள். சாய்ரியை நாற்காலியில் உட்காரவைத்து, சடைகளைப் பிரித்து, கற்றைக்கு ஒரு நாடா கட்டி வைத்திருந்தார்கள். பையன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, பத்ரினோ எங்க?"

"ஏறிக்கிட்டிருக்கார்."

அவன் மறுபடி வாசலைப் பார்த்தான்.

"நிஜமாவே அப்படி ஒருத்தர் இருக்காரா?"

தொமித்திலாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. புருஷன் பேரைச் சொல்லி முதல் கற்றையை வெட்டித் தட்டில் போட்டாள். சதுர்னினா அக்காவைக் கட்டிக்கொண்டாள். அணிவகுப்பு நாளில் பையன் கொடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனான். முடிந்து வந்ததும் பழக்கமில்லாத பிடரியில் குளிர்காற்று பட்டுச் சிலிர்த்தவனுக்கு அவள் குல்லாயை மாட்டிவிட்டாள். லிமா வீட்டுப் பெட்டியிலிருந்த சாமான்களில் குல்லாயும் கத்தரியுமாவது குஸ்கோவைப் பார்த்தன.

அவள் திரும்பி வந்தபோது எலியோதோரோ மொட்டைமாடியில் இருந்தார். படங்களை வாங்கிப் பார்த்து, தட்டை இடது பக்கம் வைத்திருக்க வேண்டும் என்றார். மலைமேல் முதல் முடி எடுப்பது எப்படி என்று இப்போது பேட்டை முழுவதும் அவரிடம்தான் கேட்கிறது. அவரும் முன்போல் சும்மா இல்லை. சாய்ரியின் கல்யாணத்துக்குப் போக வழி பார்த்துக்கொண்டிருக்கிறார். சாய்ரிக்குப் பால்பல் விழுந்துகொண்டிருக்கிறது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு பீரோ மேலே ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். ஒரு பெட்டி இருக்கிறதல்லவா? நான் வந்த பிறகுதான் என்று எங்கேயோ யாரிடமோ சொல்லி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? மழை விடட்டும், பார்க்கலாம் என்கிறீர்களா? நல்லது. அங்கே சடை பின்ன ஆரம்பித்துவிட்டார்கள்.