மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு எம்.ஏ.

விருதுநகர் மாவட்டத்தில் 'ஏன்' என்ற சொல்லை அதிகம் பயன்படுத்தியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் எம்.ஏ. மேடத்துக்கு முதல் பரிசோடு மீதிப் பரிசுகளையும் கொடுத்துவிட வேண்டியிருக்கும். கொடுத்தாலும் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டார். "பொம்பளைகளுக்குன்னா மட்டும் பரிசு ஏன் எவர்சில்வர் பாத்திரமாவே இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கேதான் அவர் வந்து சேர்ந்தார். சொந்த ஊர் காரியாபட்டி. படித்தது சமூகவியல். நிஜப் பெயர் என்னவென்று சம்பளம் கொடுத்த முதலாளிக்கே மறந்துவிட்டது. முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். அவர் மேடத்தை நேர்காணல் செய்தபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"அதென்னம்மா சோசியாலஜி? சனங்களைப் படிக்கக் காலேசுக்கா போகணும்? ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது."

"பந்தியில உக்காந்தா இலையில என்ன இருக்குன்னு தெரியும் அண்ணாச்சி. யாரு மொதப் பந்தி, யாரு கடைசிப் பந்தி, ஏன் அப்பிடின்னு கேக்கத்தான் படிக்கணும்."

அண்ணாச்சி பிறந்ததிலிருந்து முதல் பந்தியிலேயே சாப்பிட்டவர். எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். "சரி, நாளையில இருந்து வாங்க. வேன்ல வேலைக்கு வந்து இறங்குற ஆளுகளைப் பேர் எடுங்க" என்றார். ஆபீசில் ஒரு எம்.ஏ. இருந்தால் கம்பெனிக்குக் கெத்து என்று அவர் கணக்கு.

வந்த பிறகுதான் தெரிந்தது, மேடத்தை வெளியே கூட்டிப்போவது எவ்வளவு பெரிய ஆபத்தென்று. பேருந்தில் ஏறினால் யார் யாருக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று உற்றுப் பார்ப்பார். செக்கிங் அம்மா வந்துவிட்டார் என்று நினைத்து டிக்கெட் எடுக்காத ஆட்கள் அடுத்த நிறுத்தத்தில் குதித்துவிடுவார்கள். கம்பெனி ஃபோர்மேன் வீட்டில் ஒரு சாவு, துட்டி கேட்கப் போயிருந்தோம். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "பொறந்த வீட்டுக் கோடிச் சேலை வாற வரைக்கும் ஏம்மா பொணத்தை எடுக்காம எல்லாரும் காத்துக் கெடக்காக?" என்று ஆரம்பித்தார்.

பெரியம்மா மூக்கைச் சிந்திவிட்டு விளக்கத் தொடங்கினார். யார் கோடி கொண்டு வரவேண்டும், யார் வீட்டில் கொண்டு வராமல் சண்டை வந்தது, அந்தச் சண்டை எப்படி இன்றுவரை ஓடுகிறது என்று விளக்கம் நீண்டது. பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்களும் திருத்தம் சொல்லச் சேர்ந்துகொண்டார்கள். இறந்தவருக்கு அழ ஆளே இல்லை. நான் மேடத்தை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனபோது அதே பெரியம்மா வாசலிலேயே, "அந்த எம்.ஏ. பொண்ணு வரலையா? எங்கிட்ட இம்புட்டு நாளா யாரும் ஒண்ணும் கேட்டதே இல்லய்யா" என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தத் தீபாவளிச் சீசன் வந்தது. அண்ணாச்சியின் மகன் கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்து இறங்கினார். அவரை நாங்கள் சின்னவர் என்போம். நல்ல பிள்ளைதான், ஆனால் படித்ததை எங்கேயாவது இறக்கிவைத்தாக வேண்டும் என்ற அவசரம். பட்டாசு அறை ஒன்றில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைகளும் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். காலையில் உள்ளே போனால் நாள் முழுக்க அதே முகங்கள். மத்தியானம் மணி அடித்தால்தான் எல்லோரும் தூரத்து வேப்பமரங்களுக்கு அடியில் ஒன்றாகச் சேர்வார்கள். தூக்குச்சட்டிகள் திறக்கும், சிரிப்புச் சத்தம் ஆபீஸ் வரை கேட்கும். அது சின்னவர் கண்ணை உறுத்தியது. ஒவ்வொரு வேனும் ஒரு ஊரின் ஒரே தெருவில் ஆள் ஏற்றி வருவது; அந்த வேன் வாரியாகப் பிரித்து, மூன்று தடவை தனித்தனியாக மணி அடித்து, மூன்று பந்தியாகச் சாப்பிடச் சொன்னார். எல்லாம் ஒழுங்காக, சத்தமில்லாமல் நடந்தது.

அப்புறம் தாயில்பட்டி வேன் பாதி காலியாக வந்தது. திருத்தங்கல் வேனில் டிரைவர் காலை நீட்டிப் படுக்கலாம் போல இருந்தது. வடக்கே போக வேண்டிய பெரிய ஆர்டர் கிடங்கில் அரைகுறையாக நின்றது. லோடு நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த வியாபாரி அடுத்த வருஷம் நம் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். சின்னவர் கூலியை ஏற்றினார். ஆளுக்கொரு சேலை கொடுத்தார். வாங்கிக்கொண்டு போனவர்கள் அதே சேலையைக் கட்டிக்கொண்டு பக்கத்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள்.

அண்ணாச்சியின் கோபம் பேர் எடுக்கிற மேடத்தின் தலையில் விடிந்தது. "சனங்களைப் படிச்சவுகளாச்சே! ஏன் வரலைன்னு சொல்லுங்க பாப்போம்!"

"இந்தச் சம்பள நாளுக்குள்ள ஆளுகளைக் கொண்டு வாறேன். வரலைன்னா நான் காரியாபட்டிக்குப் போறேன். வந்துட்டா, சோசியாலஜி எதுக்குன்னு இனிமே நீங்க கேக்கக் கூடாது" என்றார் மேடம்.

அன்று சாயங்காலமே சாட்சிக்கு என்னை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு தாயில்பட்டிக்குப் போனார். மாரியம்மா என்ற தொழிலாளி வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஏன் வேலைக்கு வரவில்லை என்று மேடம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "மத்தியானம் என்ன கொழம்பு?" என்று கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மாரியம்மா அரிவாளைக் கீழே போட்டார். "என்னத்தக் கொழம்பு! முன்ன ஒரு கொழம்பு கொண்டு போவேன், எட்டுக் கொழம்பு தின்னுட்டு வருவேன். ஊருக்குள்ள எங்க தெருக்காரிக கையில ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்காதவளுக, வேப்பமரத்தடியில எங் கருவாட்டுக் கொழம்புக்குச் சண்டை போடுவாளுக. எம் மகளுக்கு மாப்பிள்ளை சொன்னதே திருத்தங்கல் வேன்ல வாற சரசுதேன். இப்ப அவ மொதப் பந்தி, நான் மூணாம் பந்தி. பேச்சு பாதியில நிக்குது."

"வேன்ல வரும்போது ஊர்க்காரக கூடப் பேசலாமே?" என்றேன் நான்.

"வேன்ல எந் நாத்தனா இருக்காள்ல, அவ காதுல விழுகப் பேச முடியுமா! எங்க தெரு மூஞ்சிகளைப் பாத்துக்கிட்டே திங்கணும்னா எங்க வீட்டுலயே தின்னுட்டுப் போறேன். பக்கத்துக் கம்பெனியில ஒரே மணிதேன்."

"இதச் சின்னவர்ட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"எம்புட்டு வேணும்னு கேட்டாக. ஏன்னு யாரு கேட்டா?"

மேடத்தின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். லாட்டரி விழுந்தவர்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார். திரும்பும் வழியெல்லாம் மொபெட்டைவிட அவர் சத்தம்தான் பெரிது. "தெருவுல மாறாதது மரத்தடியில மாறியிருக்கு சார்! அதத் தெருத்தெருவாப் பிரிச்சுப் பழையபடி ஊராக்கிட்டாரே இந்த மனுசன்!"

மறுநாள் சின்னவர் நம்பவில்லை. சேலைக்கு வராதவர்கள் சாப்பாட்டு மணிக்கா வருவார்கள் என்று சிரித்தார். அண்ணாச்சிக்கு வேறு வழியில்லை. "எல்லாத்துக்கும் ஒரே மணி அடிச்சுத்தான் பாப்பமே" என்றார். அன்று மத்தியானம் மேடமே போய் ஒரே மணி அடித்தார். திருவிழாவுக்கு அடிக்கிற மாதிரி அடித்தார். இருந்த கொஞ்சம் பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள், தூக்குச்சட்டிகளோடு மரத்தடிக்கு நடந்தார்கள். ராத்திரிக்குள் சேதி தெருத்தெருவாகப் போயிருக்க வேண்டும், மறுநாள் காலை தாயில்பட்டி வேனில் நிற்க இடமில்லை. திருத்தங்கல் வேனில் சரசு, மாப்பிள்ளையின் போட்டோவோடு வந்து இறங்கினார். மேடம் பேர் எடுக்க எடுக்கக் குரல் ஏறிக்கொண்டே போனது.

லோடு நேரத்துக்குக் கிளம்பியது. லாரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியதுமே அண்ணாச்சி இன்னொரு முதலாளிக்குப் போன் போட்டார். "ஒங்க கம்பெனியில ஆடிட்டர் இருப்பான், இஞ்சினியர் இருப்பான். சோசியாலஜி இருக்காய்யா?" என்று அவர் போட்ட சத்தத்துக்குப் போனே தேவையில்லை, சிவகாசி வரைக்கும் கேட்டிருக்கும். சின்னவரும் மனசு வைத்து மேடத்திடம் வந்து, "அடுத்து எதை மாத்தணும்னாலும் ஒங்ககிட்டக் கேட்டுட்டுத்தான்" என்றார். அன்று எங்கள் ஆபீசில் நடந்த மாதிரி தீபாவளி நான் வேறெங்கும் கொண்டாடியதில்லை.

அடுத்த தை மாதம் சின்னவருக்குக் கல்யாணம். பந்தி ஏற்பாட்டை அண்ணாச்சி மேடத்திடம் விட்டார். முதல் பந்தியில் வடக்கத்தி வியாபாரிக்கு இடப்பக்கம் மாரியம்மா, வலப்பக்கம் சரசு. அண்ணாச்சி தன் வாழ்நாளில் முதல்முறையாக இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தார், அதுவும் சிரித்துக்கொண்டே. மேடம் மட்டும் உட்காரவில்லை. தூணோரம் நின்று, யார் பக்கத்தில் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாரியம்மா எழுந்து போய் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏன்னு அப்பறமாக் கேக்கலாம். மொத உக்காந்து சாப்பிடுங்க."

பின்னால் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கப் போய்விட்டார் மேடம். இப்போதும் கல்யாண வீடுகளில் என் பக்கத்து இலை காலியாக இருந்தால், ஆள் வருகிறது என்று சொல்லிக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.