பூட்டிய பொந்துக்கு இரண்டு நட்சத்திரம்

ஒரு காட்டில் புத்தகம் வாங்குகிறவர்கள் நிறைய இருந்தார்கள். கருத்துச் சொல்கிறவர்கள் அதைவிட நிறைய இருந்தார்கள். கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர் மாசிலாமணி என்ற முள்ளம்பன்றி ஒருவர்தான்.

அந்தக் காட்டில் பேய்க்கதைக்குப் பேர்போன எழுத்தாளர் இருளப்பன் என்கிற ஆந்தை. அவர் ‘பூட்டிய பொந்து’ என்று ஒரு நாவல் எழுதினார். அது எவ்வளவு பருமன் என்றால், வாங்கிப்போன எருமை அதைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டு, “கனமான படைப்பு, கழுத்துவலி போய்விட்டது” என்று வாசகர் குழுவில் ஐந்து நட்சத்திரம் போட்டது. பார்சல் நனைந்து வந்ததால் உடும்பு ஒரு நட்சத்திரம் போட்டது. காகம், தான் இதைப் படிக்கவில்லை, ஆந்தை எழுதிய எதையும் படிக்கப்போவதுமில்லை என்று சொல்லிவிட்டு, நாவலின் மொழிநடை சரியில்லை என்று விரிவாக எழுதியது. மான்கள் கூட்டமாக வந்து ஐந்தைந்து நட்சத்திரம் போட்டன. நண்டுகளும் கூட்டமாகவே வந்தன. ஆனால் ஒன்றுக்கு மேல் தரவில்லை.

மாசிலாமணி ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து நாவலைப் படித்து முடித்தார். பொந்துக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல், மனதில் பட்டதை எழுதினார். தொடக்கம் நன்றாக இருக்கிறது, நடுவில் கதை படுத்துத் தூங்குகிறது, முடிவு ஏமாற்றுகிறது. இரண்டு நட்சத்திரம்.

மறுநாள் காலையிலேயே பூரணி என்ற புள்ளிமான் மூச்சிரைக்க ஓடி வந்தாள். மான் கூட்டத்துக்காகப் பேசுகிறவள் அவள்தான். அந்த நட்சத்திரங்களைக் கொஞ்சம் கூட்டிப் போட முடியுமா என்று கேட்டாள். இலக்கியத்தில் சிபாரிசுக்கு இடமில்லை என்றார் மாசிலாமணி.

“இலக்கியத்துக்காக யாரு கேட்டா அண்ணே? புலி அந்தப் புத்தகத்தைத்தான் படிச்சுக்கிட்டிருக்காரு.”

அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. உக்கிரபாண்டி என்ற அந்தப் புலி நாவலைக் கையில் எடுத்த நாளிலிருந்து வேட்டைக்குப் போகவில்லை. பகலெல்லாம் படிப்பு. பொழுது சாய்ந்தால், பொந்துக்குள் இருப்பது வெளியே வந்துவிடுமோ என்று பயந்து குகையை விட்டு வருவதில்லை. பசித்தால் குகைவாசலில் ஊர்ந்து போகும் நண்டுகளைப் பிடித்துத் தின்றுகொள்கிறது. மான் கூட்டத்தில் ஒரு தலை குறைந்து வெகுநாளாகிறது. இப்போது மாசிலாமணி எழுதியதைப் பார்த்துவிட்டுப் புலி படிப்பதை நிறுத்தியிருக்கிறது. உடனே வந்து பார்க்கும்படி அவருக்கு ஆள் அனுப்பியும் இருக்கிறது.

போகும் வழியெல்லாம் பூரணி கெஞ்சிக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு பொய் சொன்னால் போதும் என்றாள். அவளுடைய குட்டிகள் பிறந்ததும் மாசிலாமணிக்குத் தெரியும், போன கோடையில் அவளுடைய அக்கா புலி வாயில் போனதும் தெரியும். சொல்லிவிடலாம் என்றுதான் குகைக்குள் நுழைந்தார்.

புலி இளைத்திருந்தது. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவரை உட்காரச் சொன்னது.

“முழுசாப் படிச்ச ஆளு நீர் ஒருத்தர்தானாமே. அந்தப் பொந்துக்குள்ள என்னய்யா இருக்கு?”

மாசிலாமணி வாயைத் திறந்தார். பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எத்தனையோ புத்தகங்களுக்கு உண்மையைச் சொல்லிப் பழகிய வாய் அது.

“ஒண்ணுமில்லீங்க ஐயா. வெறும் காத்து.”

புலி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, போகச் சொன்னது.

சேதி பரவியதும் காடு காலியானது. மான்கள் ஆற்றைத் தாண்டின. முயல்கள் வளைக்குள் போய் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டன. மாசிலாமணி மட்டும் போகவில்லை. வரப்போவது தன்னால் வருவது, அதைத் தானே முன்னால் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று குகைக்கு எதிரே முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நின்றார்.

புலி வரவில்லை. அது உள்ளே உட்கார்ந்து கைபேசியில் தன் கருத்தை எழுதிக்கொண்டிருந்தது. பாதம் பெரிது, ஒரு எழுத்தைத் தொட்டால் நாலு எழுத்து விழும். அழித்து அழித்து எழுதியது. எழுதி முடித்தபோது அது நாவலில் பாதி நீளம் இருந்தது. இத்தனை நாள் தன்னை நடுங்கவைத்துவிட்டு வெறும் காற்றைக் காட்டியது வாசகத் துரோகம் என்பது அதன் சாரம். குரங்கு, காற்று என்பது ஒரு குறியீடாக இருக்கலாமே என்று கேட்டுவைத்தது. புலி அதற்கு மூன்று நாள் பதில் எழுதியது. சோறு தண்ணீர் நினைவில்லை. நண்டுகள்கூட வாசலில் தாராளமாக நடமாடின.

இதைப் பார்த்துப் பெரிய இடத்தில் நல்ல பெயர் வாங்கலாம் என்று நரி நேரிலேயே போனது. ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி, இனி இதில் பேச ஒன்றுமே இல்லை என்றது. புலிக்குச் சந்தோஷம். கைபேசியைக் கீழே வைத்தது. சோம்பல் முறித்தது. வயிறு காலியாக இருப்பது அப்போதுதான் அதற்குத் தெரிந்தது. நரியும் பக்கத்திலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் பூரணி மறுபடி மாசிலாமணியிடம் வந்தாள். புலியோடு யாராவது விடாமல் மறுத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும், குரங்குக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது, நாவலில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் வேறு யாருமில்லை என்றாள்.

“ஆனா அவர் சொல்றது சரிதானேம்மா. நானும் அதைத்தானே சொன்னேன்.”

“சரிதாண்ணே. அதனாலதான் பயமா இருக்கு.”

மாசிலாமணி தன் இரண்டு நட்சத்திரத்தை அழித்து ஐந்தாக்கினார். அந்த முடிவு இதுவரை யாரும் எட்டாத சிகரம் என்றும், அது பிடிபடாதவர்கள் முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். எழுதும்போது உடம்பு கூசியது. குகையிலிருந்து வந்த உறுமலில் இலைகள் உதிர்ந்தன. உடனே பதிலும் வரத் தொடங்கியது. மான்கள் ஆற்றைத் தாண்டித் திரும்பி வந்து மேய ஆரம்பித்தன.

கொஞ்ச நாள் கழித்து இருளப்பனே மாசிலாமணியைத் தேடி வந்தார். கண் கலங்கியிருந்தது. மாசிலாமணி எழுதியதைப் படித்த பிறகுதான் தான் என்ன எழுதியிருக்கிறோம் என்பதே தனக்குப் புரிந்ததாகச் சொன்னார். இரண்டாம் பாகம் எழுதப்போவதாகவும், இது இன்னும் பெரிதாக வரும் என்றும் சொன்னார்.

மாசிலாமணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“முடிவு மோசமாத்தானே சார் இருக்கும்?”

ஆந்தைக்கு முகம் வாடியது. ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றார்.

“இல்ல சார். புள்ளகுட்டிக்காரங்க நிறைய பேரு உங்களை நம்பி இருக்காங்க.”

நீதி: பலசாலியின் கருத்தோடு ஒருநாளும் ஒத்துப்போகாதே. பேச்சு முடிந்த இடத்தில்தான் அவனுக்குப் பசி எடுக்கும்.